சாட்சி சொல்ல யாரை அழைப்பது? அமெரிக்கக் கல்லூரிக்கான பரிந்துரைக் கடிதங்கள்

சென்ற செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த ஒரு மாலையில், இயற்பியல் ஆய்வகத்துக்கு ஒரு தந்தையும் மகளும் வந்தார்கள். தந்தையின் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் மூன்று கடிதங்கள். ஒன்று எங்கள் பள்ளி முதல்வர் கொடுத்தது. இன்னொன்று அவள் இரண்டு ஆண்டுகளாகப் போகும் கோச்சிங் சென்டரின் இயக்குநர் கொடுத்தது. மூன்றாவது, உறவினர் ஒருவர் மூலமாகக் கிடைத்த ஓய்வுபெற்ற துணைவேந்தர் ஒருவரின் கடிதம். மூன்றிலும் முத்திரை, கையெழுத்து, நல்ல கனமான தாள்.

"இதில் எந்த இரண்டை அனுப்பலாம் சார்? இல்லையென்றால் நீங்களே ஒன்று எழுதித் தருகிறீர்களா?" என்றார் தந்தை. மகள் பேசாமல் நின்றாள்.

மூன்றையும் படித்தேன். கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், பன்முகத் திறமை கொண்டவர், எதிர்காலத்தில் பெரிய உயரங்களை எட்டுவார். பெயரை மட்டும் மாற்றினால் அந்த வகுப்பின் நாற்பத்திரண்டு பேரில் யாருக்கும் அந்தக் கடிதங்கள் பொருந்தும். அப்படிச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

திருச்சியில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் படிவ வேலையும் பல ஆண்டுகளாக என் தலையில்தான். ஆண்டுக்கு நான்கைந்து பேர் வருகிறார்கள். எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்றே. நம் ஊரில் ஒருவரைப் பற்றி எழுதித் தருவதென்றால் நன்னடத்தைச் சான்றிதழ்தான் நினைவுக்கு வருகிறது. அதற்குக் கையெழுத்துப் போடுபவரின் பதவிதான் மதிப்பு. அமெரிக்கக் கல்லூரி கேட்பதோ சாட்சியம். சாட்சி சொல்பவர் பெரிய மனிதராக இருக்க வேண்டியதில்லை, சம்பவ இடத்தில் இருந்திருக்க வேண்டும். யாரிடம் கடிதம் கேட்பது என்ற கேள்வியை இந்த இடத்திலிருந்து பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் விதிகள். பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்திலிருந்து விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் தளத்தில் பள்ளியின் சார்பில் ஆலோசகர் ஒரு படிவமும் கடிதமும் தர வேண்டும். அதற்கு மேல் பாட ஆசிரியர்களின் கடிதங்கள். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு போன்றவை இரண்டு ஆசிரியர்களைக் கேட்கின்றன. மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி. தனித் தளம் வைத்திருக்கிறது. ஒரு கடிதம் கணிதம் அல்லது அறிவியல் ஆசிரியரிடமிருந்தும், மற்றொன்று மொழி, வரலாறு, சமூக அறிவியல் போன்ற பாடம் எடுப்பவரிடமிருந்தும் வர வேண்டும் என்கிறது. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகமான கால்டெக்கும் ஏறக்குறைய அப்படித்தான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் முதலான வளாகங்கள் விண்ணப்பத்தோடு கடிதமே கேட்பதில்லை. ஆக, எந்தக் கல்லூரி என்ன கேட்கிறது என்று பட்டியல் போட்ட பிறகுதான் ஆளைத் தேட வேண்டும்.

முதல்வரிடம் கேட்கலாமா என்பதற்கு என்னிடம் சுருக்கமான பதில் உண்டு. நம் பள்ளிகளில் தனியாக ஆலோசகர் பதவி பெரும்பாலும் கிடையாது, அந்தப் படிவத்தை முதல்வரோ அவர் நியமித்த ஒருவரோதான் நிரப்புகிறார்கள். எப்படியும் ஒரு கடிதம் அந்தப் பக்கத்திலிருந்து போகத்தான் போகிறது. பள்ளி எப்படிப்பட்டது, எத்தனை பேர் படிக்கிறார்கள், மதிப்பெண் முறை என்ன, இந்தப் பிள்ளை அதில் எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அவர் சொல்ல வேண்டியவை. வகுப்பெடுக்காத முதல்வரை இரண்டு ஆசிரியர்களில் ஒருவராகவும் போட்டால், வகுப்பறையைப் பற்றிப் பேச இருந்த ஓர் இடம் வீணாகிறது.

துணைவேந்தர் கடிதம் போன்றவற்றுக்கு அதைவிடவும் சுருக்கமான பதில். அந்தப் பிள்ளையை ஒரு முறைகூடச் சந்திக்காதவர் எழுதிய கடிதம், அது யாருடைய லெட்டர்பேடாக இருந்தாலும், வேண்டாம். தூரத்துச் சொந்தத்தில் ஒரு சட்டமன்ற உறுப்பினரோ ஆட்சியரோ இருப்பது பிள்ளையைப் பற்றி எதையும் சொல்வதில்லை. குடும்பத்தின் செல்வாக்கைத்தான் சொல்கிறது. முழு உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கும் நடுத்தர வீட்டுப் பிள்ளைக்கு அது பொருத்தமற்றதாகக்கூடப் படலாம்.

உண்மையான போட்டி பாட ஆசிரியர்களுக்குள்தான். அங்கே முதல் கேள்வி, சென்டம் போட்ட ஆசிரியரா, திணறிய பாடத்தின் ஆசிரியரா என்பது.

பெற்றோர் கண்ணை மூடிக்கொண்டு சென்டம் பக்கம் போவார்கள். வேதியியலில் நூற்றுக்கு நூறு, ஆகவே வேதியியல் ஆசிரியர். ஆனால் அந்த நூறு மதிப்பெண் பட்டியலிலேயே இருக்கிறது. கடிதமும் அதையே திருப்பிச் சொன்னால் படிப்பவருக்குப் புதிதாக என்ன கிடைக்கும்? சிரமமின்றி நூறு வாங்கிய பிள்ளையைப் பற்றி ஆசிரியருக்கு உண்மையிலேயே சொல்ல எதுவும் இல்லாமல் போவதுண்டு. அமைதியாக உட்கார்ந்திருந்தான், எல்லாம் சரியாக எழுதினான், அவ்வளவுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் என் ப்ளஸ் ஒன் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். மதிப்பெண்ணில் முதல் பத்துக்குள் வர மாட்டான். தனி ஊசல் வைத்துப் புவியீர்ப்பு முடுக்கம் காணும் பிராக்டிகலில் எல்லோருடைய ரெக்கார்டு நோட்டிலும் 9.8 என்று அழகாக வந்திருந்தது. அவனுடையதில் 9.3. "திருத்தி எழுதிக்கொண்டு வா" என்றேன். ஆண்டுதோறும் எல்லோருக்கும் சொல்வதைத்தான் அவனுக்கும் சொன்னேன். அவன் திருத்தவில்லை. மறுநாள் மதிய உணவு இடைவேளையில் நூலின் நீளத்தை மாற்றி மாற்றி அளந்துகொண்டிருந்தான். மூன்றாம் நாள் என்னிடம் ஒரு வரைபடத்தாளை நீட்டினான். நூல் 30 சென்டிமீட்டர் இருக்கும்போது 9.3, ஒரு மீட்டர் இருக்கும்போது 9.65. "நீளம் கூடக்கூட விடை நெருங்குகிறது சார். அப்படியானால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு ஏதோ விட்டுப்போகிறது." நூலை மட்டும் அளந்திருக்கிறான், கொக்கியும் குண்டின் ஆரமும் சேர்ந்த ஒன்றரை சென்டிமீட்டரைச் சேர்க்கவில்லை. குண்டின் மையம் வரை அளக்க வேண்டும் என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் அதைப் படிக்காமல், தன் தவறு எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்தே அவன் கண்டுபிடித்துவிட்டான்.

அவனுக்கு நான் எழுதிய கடிதத்தில் இந்த மூன்று நாள்தான் முக்கால் பக்கம். அவன் மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. 9.8 வந்த மற்றவர்களில் பலர் எப்படி அதை வரவழைத்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும், அதனால்தான் அந்த 9.3 எனக்கு மறக்கவில்லை.

இதனால் திணறிய பாடத்தின் ஆசிரியரே எப்போதும் நல்லவர் என்று சொல்ல மாட்டேன். கடைசி வரை திணறிவிட்டு ஒதுங்கிய பாடமாக இருந்தால், ஆசிரியர் எவ்வளவு அன்பாக எழுதினாலும் படிப்பவர் மனதில் சந்தேகம் தங்கும். விழுந்து எழுந்ததை அருகில் இருந்து பார்த்தவராக இருக்க வேண்டும். அதோடு, பொறியியல் படிக்கப் போகும் பிள்ளைக்குக் கணிதமும் இயற்பியலும் இரண்டுமே பலவீனமாக இருந்தால் கடிதம் அதைச் சரிசெய்யாது.

நான் நிரப்பிய காமன் ஆப் ஆசிரியர் படிவங்களில் ஒரு கட்டப் பட்டியல் இருக்கும். சொந்தமாகச் சிந்திப்பது, வகுப்பு விவாதத்தில் பங்கெடுப்பது, எழுத்துத் திறன், தோல்வியை எதிர்கொள்ளும் விதம், பிறர்மீது அக்கறை என்று வரிசையாக வரும். சராசரிக்குக் கீழ் என்பதில் தொடங்கி, 'என் பணிக்காலத்தில் சந்தித்த மிகச் சிலரில் ஒருவர்' என்ற கடைசிக் கட்டம் வரை ஏதாவது ஒன்றில் குறியிட வேண்டும். ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தப் பட்டியலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தோல்வியை எதிர்கொண்ட விதம் என்ற வரிக்கு சென்டம் ஆசிரியர் எதை வைத்துக் குறியிடுவார்? மாணவர் சேர்க்கை முறையை எதிர்த்து ஹார்வர்டுமீது தொடுக்கப்பட்ட வழக்கு 2018இல் பாஸ்டன் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது, அந்தக் கல்லூரியில் விண்ணப்பம் படிப்பவர்கள் முதல் ஆசிரியர், இரண்டாம் ஆசிரியர், ஆலோசகர் என்று ஒவ்வொரு கடிதத்துக்கும் தனித்தனியாக எண் போடுவது வெளியே தெரிந்தது. 1 என்பது மிக வலுவானது. ஒரு நல்ல கடிதம் இன்னொரு வெற்றுக் கடிதத்தைத் தூக்கிவிடாது. இரண்டும் தனித்தனியாக நிற்க வேண்டும்.

அடுத்தது, நம் மாநிலத்துக்கே உரிய சிக்கல். அறிவியல் பிரிவு எடுத்த பிள்ளைக்கு வரலாற்று ஆசிரியர் இல்லை, பொருளாதார ஆசிரியர் இல்லை. எம்.ஐ.டி. கேட்கும் அந்த இரண்டாவது கடிதத்துக்கு மீதி இருப்பது ஆங்கில ஆசிரியரும், முதல் மொழிப்பாட ஆசிரியரும். எல்லோரும் யோசிக்காமல் ஆங்கில ஆசிரியரிடம் போகிறார்கள். அமெரிக்காவுக்குப் போகும் கடிதம் ஆயிற்றே என்ற எண்ணம்.

ஆங்கில ஆசிரியருக்குச் சில நியாயமான சாதகங்கள் உண்டு. நேராக ஆங்கிலத்தில் எழுதுவார், மொழிபெயர்ப்பில் எதுவும் சேதமாகாது. அமெரிக்க வகுப்பறையில் இந்தப் பிள்ளை பேசவும் எழுதவும் முடியும் என்று அவர் சொல்லும் சொல்லுக்கு எடை அதிகம். பிள்ளை நிறைய வாசித்து, வகுப்பில் வாதாடி, சொந்தமாகக் கட்டுரை எழுதியிருந்தால் தயங்காமல் அவரிடம் போகலாம். ஆனால் நம் ஆங்கில வகுப்புகளில் எத்தனை பிள்ளைகள் சொந்தமாக எழுதுகிறார்கள்? கைடில் இருப்பதை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். ஆசிரியரைக் குறை சொல்லவில்லை, பொதுத்தேர்வு அப்படி.

என் ஆய்வகத்தில் பேசாமல் நின்ற அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "எந்த ஆசிரியரிடம் நீ பாடத்தைத் தாண்டிப் பேசியிருக்கிறாய்?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "தமிழய்யாவிடம் சார்" என்றாள்.

கணினி அறிவியல் படிக்கப்போகிற பெண்ணுக்குத் தமிழய்யாவா என்று தந்தை முகம் சுருங்கியது. நான் அய்யாவைப் போய்க் கேட்டேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கொடுத்தார். ப்ளஸ் ஒன்னில் வல்லினம் மிகும் இடங்களை நடத்தியபோது அவள் எழுந்து, கடைப் பலகைகளில் பாதிக்கு மேல் ஒற்று இல்லையே, யார் சரி என்று கேட்டிருக்கிறாள். அய்யா எண்ணிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அவள் சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றிய தெருக்களில் நடந்து, பலகை பலகையாகக் குறித்து வந்திருக்கிறாள். கையால் எழுதிய பழைய பலகை ஒரு பத்தி, ஃப்ளெக்ஸ் அச்சு இன்னொரு பத்தி. கையால் எழுதியவற்றில் பிழை குறைவாக இருந்தது அவளைத் துளைத்திருக்கிறது. பலகை எழுதும் ஒரு முதியவரைத் தேடிப்போய்க் கேட்டிருக்கிறாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில், ஒற்று விடுபட்டதைத் தானாகக் கண்டுபிடிக்கும் ஒரு நிரலுக்கான விதிகளை எழுதத் தொடங்கி, விதிவிலக்குகளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். கணினி அறிவியலுக்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

தமிழாசிரியர் மொழி ஆசிரியர்தான், விதி அவரை ஏற்கிறது. பாதகம் மொழிபெயர்ப்பு. கடிதம் ஆங்கிலத்தில் போக வேண்டும், அதை மாணவரோ வீட்டாரோ மொழிபெயர்க்கக் கூடாது. பள்ளியில் வேறொரு ஆசிரியர் மொழிபெயர்த்து, தான் மொழிபெயர்த்ததாகக் கையெழுத்திட்டு, தமிழ் மூலத்தோடு சேர்த்துப் பதிவேற்றினால் போதும். மொழிபெயர்ப்பில் அழகு கொஞ்சம் குறையும். நோட்டுப் புத்தகம் அப்படியேதான் இருக்கும். மதிப்பெண்ணுக்காகத் தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுத்த பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன். அ, ஆ தெரியாத நிலையிலிருந்து பிள்ளை ஒரு மொழியைக் கற்றதைப் பார்த்தவர் அந்தப் பிரெஞ்சு ஆசிரியர் ஒருவர்தான்.

ப்ளஸ் ஒன் ஆசிரியரா, ப்ளஸ் டூ ஆசிரியரா என்ற கேள்விக்கு நாட்காட்டியே பதில் சொல்கிறது. முன்கூட்டி விண்ணப்பிப்பவர்களுக்குப் பெரும்பாலும் நவம்பர் 1 கடைசி நாள், மற்றவர்களுக்கு ஜனவரி முதல் வாரத்தையொட்டி. ஜூனில் வகுப்பு தொடங்கிய ப்ளஸ் டூ ஆசிரியருக்கு அதற்குள் கிடைப்பது நான்கைந்து மாதம், அதில் காலாண்டுத் தேர்வும் விடுமுறையும் போய்விடும். ஒரு முழு ஆண்டு பார்த்த ப்ளஸ் ஒன் ஆசிரியர்தான் பெரும்பாலும் சரி. இரண்டு ஆண்டும் அவரே எடுத்திருந்தால் இன்னும் நல்லது. பத்தாம் வகுப்பு ஆசிரியர் எவ்வளவு பிடித்தவராக இருந்தாலும் அந்தப் பிள்ளை இப்போது அதே ஆள் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு நான் எழுத மறுத்ததும் இதனால்தான். ப்ளஸ் ஒன்னில் அவளுக்கு இயற்பியல் எடுத்தவர் வேறொருவர். எனக்கு அவளைத் தெரிந்தது ஜூன் முதல்தான். நல்ல பெண், கேள்வி கேட்பாள் என்பதற்கு மேல் என்னால் நேர்மையாக எதையும் எழுத முடியாது. முன்பு ஒரு முறை இப்படி மறுக்கத் தெரியாமல் ஒரே ஆண்டில் ஏழு பேருக்கு ஒப்புக்கொண்டேன். நேரமில்லாமல் ஒரே கடிதத்தை வெட்டி ஒட்டினேன். அவர்களில் இருவர் ஒரே கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. ஆகவே, கேட்கும்போது ஆசிரியர் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். தயங்குபவரைவிட, "எழுதுகிறேன், உன்னைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது" என்பவர் மேல்.

கோச்சிங் ஆசிரியர் விஷயத்தில் நான் கொஞ்சம் மனம் மாறியிருக்கிறேன். முன்பு கூடவே கூடாது என்பேன். ஆனால் பல பிள்ளைகள் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களை அதிகம் பார்ப்பவர் அவர்தான் என்பது உண்மை. இருந்தாலும் கல்லூரி கேட்பது பள்ளி வகுப்பறை ஆசிரியரை. அந்த இடத்தில் இவரைப் போட முடியாது. மேலும் நூறு பேர் கொண்ட நீட், ஜேஇஇ வகுப்பில் அவர் பார்ப்பது வேகத்தையும் ரேங்கையும்தான். அவரைக் கூடுதல் கடிதத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அதுவும் பிள்ளை விடை தெரியாத கணக்குகளோடு மல்லுக்கட்டியதை அவர் பார்த்திருந்தால் மட்டும். மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் நடத்தும் ஒலிம்பியாட் முகாம் வரை போன பிள்ளைக்கு அங்கே வழிநடத்தியவர் எழுதுவது வேறு தரம்.

கூடுதல் கடிதம் என்று ஒன்று அனுப்புவதானால், பிள்ளை பள்ளிக்கு வெளியே உண்மையாக வேலை செய்த இடத்திலிருந்து வரட்டும். குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காகக் குளத்து நீரைச் சோதித்தபோது உடனிருந்த அறிவியல் இயக்கத் தோழர், மாவட்ட அணியில் கபடி ஆடியபோது பார்த்த பி.டி. மாஸ்டர், கிளை நூலகத்தில் கோடை முழுவதும் புத்தகம் அடுக்க விட்ட நூலகர். அப்படி ஒருவர் இல்லையென்றால் அனுப்ப வேண்டாம், குறைந்துபோக மாட்டீர்கள். டார்ட்மத் கல்லூரி நண்பர் ஒருவரின் கடிதத்தையும் விரும்பிக் கேட்கிறது. அதற்கு வகுப்பின் முதல் மாணவனைத் தேடாமல், சண்டை போட்டுச் சமாதானமான தோழியைக் கேளுங்கள்.

கடைசியாக, பலரும் பேசத் தயங்கும் ஒன்று. "நீயே எழுதிக் கொண்டுவா, நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லும் ஆசிரியர்கள் நம்மிடம் நிறைய. வேலைப்பளு எனக்குத் தெரியும். ஆனால் அப்படிச் சொல்பவரை, அவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும், பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பதினேழு வயதுப் பிள்ளை தன்னைப் பற்றித் தானே எழுதும் புகழ்ச்சியும், விண்ணப்பக் கட்டுரையும் ஒரே குரலில் இருப்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடும். தெரியாவிட்டாலும் அது பொய். ஆசிரியருக்கு உதவ வேறு வழி இருக்கிறது: அவர் வகுப்பில் நடந்த மூன்று நான்கு நிகழ்ச்சிகளை நாள், பாடம் குறித்து ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், பழைய நோட்டையோ விடைத்தாளையோ சேர்த்துக் கொடுங்கள். எழுதுவது அவர் வேலை. கடிதத்தைப் பின்னாளில் பார்க்கும் உரிமையை 1974ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் மாணவருக்குத் தருகிறது. படிவத்தில் அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாகக் குறியிடுங்கள். ஆசிரியர் மனம் திறந்து எழுத அது வேண்டும், கல்லூரியும் அப்படிப்பட்ட கடிதத்தைத்தான் நம்பும். கேட்பதை ஜூலையிலேயே கேளுங்கள். செப்டம்பரில் வந்தால் என்னைப் போல விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவில் இருப்பார்கள்.

அந்தப் பெண்ணுக்கு இரண்டு பேர் எழுதினார்கள். ஒருவர் தமிழய்யா. இன்னொருவர் கணக்கு டீச்சர்; ப்ளஸ் ஒன் முதல் தேர்வில் அவளுக்கு முப்பத்தொன்று போட்டவர், அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் அவள் தவறு செய்த கணக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறை வாசலில் நின்றதைப் பார்த்தவர். முதல்வர் தன் பங்குக்குப் பள்ளிப் படிவத்தை நிரப்பினார். தந்தை பிளாஸ்டிக் உறையை வீட்டுக்கு எடுத்துப் போனார்.

அக்டோபர் மூன்றாம் வாரம், கடிதம் கேட்டுக் காமன் ஆப் தளத்திலிருந்து வந்த மின்னஞ்சல் அய்யாவின் ஸ்பேம் பெட்டிக்குள் கிடந்ததைக் கண்டுபிடித்துத் திறந்து கொடுத்தேன். அவர் ஏற்கெனவே இரண்டு பக்கம் கையால் எழுதி வைத்திருந்தார். ஆங்கில மிஸ் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகக் கேட்டுக் கேட்டு மொழிபெயர்த்தார். ஒற்று என்பதை அமெரிக்கக்காரருக்கு எப்படிப் புரியவைப்பது என்பதிலேயே அரை மணி நேரம் போயிற்று.